காத்திருக்கும் ஆசனம்: அமெரிக்க உப ஜனாதிபதி பதவியின் வரலாறு

அரசியல் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதிகாரத்தைக் கையிற் கொண்டிருந்தவர்களைப் பற்றியே எழுதுவர். அதிகாரத்தின் வாயிலில் நின்று காத்திருந்தவர்களைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. ஆயினும் அவ்வாறு காத்திருந்த ஒருவர் திடீரென உள்ளே அழைக்கப்பட்ட வேளைகளில், இலட்சக்கணக்கான மக்களின் வாழ்வு திசைமாறியதுண்டு. இவ்வுண்மையை விளக்குதற்கு ஐக்கிய அமெரிக்காவின் உப ஜனாதிபதி பதவியை விடச் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது.

அப்பதவியை நகைப்புக்குரிய ஒன்றாகவே அமெரிக்கர் நெடுங்காலம் கருதி வந்துள்ளனர். அதனை வகித்தவர்களே அதனை இகழ்ந்து பேசியிருக்கின்றனர். ஆனால் அப்பதவியால் வாழ்ந்தவர்களும் வீழ்ந்தவர்களும் இருக்கின்றனர். அவர்களுக்கு அது நகைப்புக்குரிய விடயமன்று. இரண்டாம் ஆசனத்தில் அமர்பவரின் கடமை யாது? அக்கடமை யாருக்கு உரியது? தம்மைத் துணையாகக் கொண்ட தலைவருக்கா, கட்சிக்கா, அன்றி நாட்டு மக்களுக்கா? இவ்வினாக்களை மனத்திற் கொண்டு அப்பதவியின் வரலாற்றை நாம் நோக்குவோம்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரிற் கூடிய மகாநாடு அமெரிக்க அரசியல் யாப்பை ஏறக்குறைய நான்கு மாதங்களாக விவாதித்து வரைந்தது. உப ஜனாதிபதி என்னும் பதவி அவ்விவாதங்களின் இறுதிக் கட்டத்தில், செப்டெம்பர் மாதத்திலேதான் தலைகாட்டியது. ஜனாதிபதியைத் தெரிவு செய்யும் தேர்தலாளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் அளிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றேனும் பிற மாநிலத்தவர் ஒருவருக்கு இடப்படல் வேண்டும். அவ்வாறு இடப்படும் வாக்கு வீணாக எறியப்படாதிருக்க வேண்டுமாயின், இரண்டாவதாக வருபவருக்கும் ஒரு பதவி இருத்தல் வேண்டும். இவ்வாறு, தேர்தல் முறையின் தேவையை நிறைவேற்றப் பிறந்ததே இப்பதவி. ஆட்சியின் தேவை அதனைப் பிறப்பிக்கவில்லை.

பதவியைப் படைத்த பின்னரே அதற்கு வேலை தேடினர். செனற் சபைக்குத் தலைமை தாங்கும் பணியைக் கொடுக்காவிடின் இவருக்கு வேலையே இராது என்று கனெக்டிகட் மாநிலத்து ரொஜர் ஷேர்மன் வாதிட்டார். நிருவாகத்தின் மனிதர் ஒருவரைச் சட்டசபையின் தலைமையில் அமர்த்துவது தகாது என மசசூசெட்ஸ் மாநிலத்து எல்பிரிட்ஜ் ஜெரி எதிர்த்தார். யாப்பிற் கையொப்பமிடவும் மறுத்தார். அதே ஜெரி 1813ஆம் ஆண்டில் உப ஜனாதிபதியாகப் பதவியேற்று, அடுத்த ஆண்டில் அப்பதவியிலிருக்கும்போதே காலமானார்.

யாப்பு இப்பதவிக்கு வகுத்த பணிகள் மூன்றே. செனற் சபைக்குத் தலைமை தாங்குதல், ஆனால் வாக்குகள் சமமாகப் பிரிந்தாலன்றி வாக்களியாதிருத்தல். ஜனாதிபதித் தேர்தலின் வாக்குச் சான்றிதழ்களைக் கொங்கிரஸின் முன்னிலையில் திறத்தல். ஜனாதிபதியின் இடம் வெறுமையாகுமாயின் அதனை ஏற்றல். முதலாவது பணியில் அதிகாரம் அருகியே இருந்தது. இரண்டாவது வெறுஞ் சடங்கெனக் கருதப்பட்டது. மூன்றாவதோ பிறிதொருவரின் மரணத்தை எதிர்நோக்கியது.

முதலாவது உப ஜனாதிபதியான ஜோன் அடம்ஸ், மனிதன் படைத்த பதவிகளுள் இதுவே மிக அற்பமானதெனத் தம் மனைவிக்கு எழுதினார். ஆயினும் அவ்வற்பமான பதவியிலிருந்தே, அமைச்சர்களை நீக்கும் அதிகாரம் ஜனாதிபதிக்கே உரியதென்பதை 1789ஆம் ஆண்டில் தமது ஒற்றை வாக்கினால் அவர் நிலைநாட்டினார்.

1800ஆம் ஆண்டுத் தேர்தல் இம்முறையின் குறையை அம்பலப்படுத்தியது. ஒரே கட்சியைச் சேர்ந்த தோமஸ் ஜெபர்சனும் ஆரன் பேரும் தலைக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையடைந்தனர். பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெபர்சன் ஜனாதிபதியானார். இதன் விளைவாக 1804ஆம் ஆண்டில் நிறைவேறிய பன்னிரண்டாவது திருத்தம் இரு பதவிகளுக்கும் வெவ்வேறாக வாக்களிக்கும் முறையை ஏற்படுத்தியது. சிக்கல் தீர்ந்தது, ஆனால் பதவியின் தரம் தாழ்ந்தது. அதுவரை இரண்டாவது இடத்துக்கு வந்தவர் தலைமைப் பதவிக்கே தகுதியானவரெனத் தேர்தலாளர் சிலரேனும் எண்ணியவர். அதன் பின்னரோ, கட்சித் தலைவர்களின் பேரத்துக்குரிய பண்டமாக இப்பதவி மாறிற்று. வடக்கிலிருந்து ஒருவர் தலைவரானால் தெற்கிலிருந்து ஒருவர் துணைவர். ஒருவர் சீர்திருத்தவாதியானால் மற்றவர் பழைமைவாதி. இருவரும் ஒரே கொள்கையினரா என்று கேட்பாரில்லை. வாக்குகளைக் கூட்டிக் கணக்கிட்டவர்கள், முதல்வர் இறந்தால் நாட்டின் கதி என்ன என்பதைக் கணக்கிலெடுக்கவில்லை.

அக்கணக்கின் பிழையை மரணம் விரைவிலேயே காட்டியது. 1841ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆந் திகதி ஜனாதிபதி வில்லியம் ஹென்றி ஹரிசன் பதவியேற்று ஒரு மாதத்தில் காலமானார். உப ஜனாதிபதி ஜோன் ரைலருக்கு வந்து சேர்வது ஜனாதிபதி பதவியா, அன்றி அப்பதவியின் கடமைகள் மட்டுமா என்பதை யாப்பு தெளிவாகக் கூறவில்லை. ரைலர் தயங்காது சத்தியப்பிரமாணஞ் செய்து தாமே ஜனாதிபதியென அறிவித்தார். எழுதப்படாத அவ்வழக்கே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் போல் நிலவிற்று. வேர்ஜினியாவின் அடிமை உடைமையாளரான ரைலரை அவருடைய விக் கட்சியே விலக்கியது. தனித்து நின்ற அவர், டெக்சாஸை அடிமை முறை நிலவும் மாநிலமாக இணைப்பதற்கு வழிசெய்யும் தீர்மானத்திற் பதவி நீங்குவதற்கு மூன்று நாட்களுக்கு முன் கையொப்பமிட்டார்.

1850ஆம் ஆண்டு யூலை மாதத்தில் சக்கரி டெயிலர் இறந்தார். அவர் தாமே அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தும், புதிய பிரதேசங்களில் அடிமை முறை பரவுவதை எதிர்த்து நின்றவர். அவருக்குப் பின் வந்த மில்லாட் பில்மோர் வட மாநிலத்தவர். ஆயினும் தென்னவரைச் சாந்தப்படுத்தும் பொருட்டு, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்தொப்படைக்கும் கொடிய சட்டத்திற் கையொப்பமிட்டவர் அவரே. அச்சட்டத்தின்படி, குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பு மனிதன் தன் சார்பிற் சாட்சி சொல்லவும் முடியாது. அவனை அடிமையென்று தீர்த்தால் ஆணையாளருக்குப் பத்து டொலர் கூலி. சுதந்திர மனிதனென்று தீர்த்தால் ஐந்து டொலர். நீதிக்கு விலை குறிக்கப்பட்ட அச்சட்டத்தை நாட்டுக்கு வழங்கியவர், ஜனாதிபதி பதவிக்கென மக்கள் வாக்களியாத ஒருவர் என்பது கவனிக்கற்பாலது.

ஆனால் இப்பதவியின் வரலாற்றில் மிகப் பெரிய அவலம் 1865ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. உள்நாட்டு யுத்தத்தின் நடுவே, 1864இல் நடைபெற்ற தேர்தலில் ஆபிரகாம் லிங்கனுடன் மீண்டும் போட்டியிடும் வாய்ப்பு உப ஜனாதிபதி ஹனிபல் ஹம்லினுக்குக் கிடைக்கவில்லை. மெயின் மாநிலத்தவரான அவர் அடிமை முறையை உறுதியாக எதிர்த்தவர். அவரது இடத்துக்குத் தென்மாநிலமாகிய டெனசியைச் சேர்ந்த அன்ட்ரூ ஜோன்சன் தெரிந்தெடுக்கப்பட்டார். யுத்தத்தை ஆதரித்த எதிர்க்கட்சியினரின் வாக்குகளைக் கவர்வதே நோக்கம். நோக்கம் நிறைவேறிற்று. 1865 மார்ச் 4ஆந் திகதி ஜோன்சன் மதுமயக்கத்துடன் பதவியேற்றார். 42 நாட்களின் பின் லிங்கன் கொலையுண்டிறந்தார். விடுதலை பெற்ற ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்களின் எதிர்காலம் ஜோன்சனின் கைகளில் வீழ்ந்தது.

ஜோன்சன் பிரபு குலத்தவரல்லர். வறிய குடும்பத்திற் பிறந்து, தையற் தொழில் பயின்று, பள்ளிக்கூடம் காணாது வளர்ந்தவர். பெருந்தோட்டப் பிரபுக்களை அவர் மனமார வெறுத்தார். ஆனால் பிரபுவை வெறுத்த அவர் அடிமையை நேசிக்கவில்லை. வறிய வெள்ளையனின் கோபத்தை மேலே உள்ள சுரண்டுவோன் மீது மட்டும் செல்லவிடாது, கீழே உள்ள கறுப்பன் மீதும் திருப்பிவிட்ட நிறவெறி அவருடைய உள்ளத்தை ஆட்கொண்டிருந்தது. வர்க்க உணர்வை இனவெறி எவ்வாறு விழுங்கிவிடும் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு பாடமாகும்.

அவ்வாண்டு சனவரி மாதத்தில் தளபதி ஷேர்மன் விடுத்த கட்டளையொன்றின்படி, தென் கரோலினா முதல் புளோரிடா வரையுள்ள கரையோர நிலங்கள் விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் பகிர்ந்தளிக்கப்பட்டன. சில மாதங்களுள் ஏறக்குறைய 40,000 பேர் அந்நிலங்களிற் குடியேறினர். தலைமுறை தலைமுறையாகத் தம் வியர்வையைச் சிந்திய மண்ணில் அவர்கள் முதன்முறையாகத் தமக்கென விதைத்தனர். மே மாதத்தில் ஜோன்சன் பொது மன்னிப்புப் பிரகடனத்தை வெளியிட்டார். மன்னிக்கப்பட்ட உடைமையாளர்களுக்கு அந்நிலங்களை மீள ஒப்படைக்குமாறும் கட்டளையிட்டார். ஒக்டோபர் மாதத்தில் எடிஸ்டோ தீவின் தேவாலயமொன்றிற் கூடியிருந்த மக்களிடம் அச்செய்தியைச் சொல்லும் பொறுப்பு தளபதி ஹவாட்டுக்கு ஏற்பட்டது. அம்மக்கள் தம்முள் ஒரு குழுவைத் தெரிந்து, ஜனாதிபதிக்கே விண்ணப்பம் எழுதினர். அது பயனளிக்கவில்லை. அவர்களுட் பெரும்பாலோர் முன்னைய எசமானின் நிலத்திற் கூலிகளாக வேண்டியவராயினர்.

நிலம் போயிற்று, பின்னர் உரிமையும் பறிபோகத் தொடங்கிற்று. மிசிசிப்பி முதலிய மாநிலங்கள், வேலை ஒப்பந்தமில்லாத கறுப்பு மனிதனை நாடோடியெனத் தண்டித்துக் கூலிக்கு விடும் சட்டங்களை இயற்றின. ஜோன்சன் அவற்றைத் தடுக்கவில்லை. விடுதலை பெற்றோருக்குப் பாதுகாப்பளிக்கக் கொங்கிரஸ் 1866இல் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டத்தை அவர் நிராகரித்தார். கொங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அதனை மீறியே அச்சட்டத்தை நிலைநாட்டியது. 1868இல் அவர் மீது குற்றப் பிரேரணை கொண்டுவரப்பட்டது. செனற் சபையில் ஒரேயொரு வாக்குக் குறைந்தமையால் அவர் தப்பினார். அப்போது உப ஜனாதிபதி பதவி வெறுமையாக இருந்தது. அதனை நிரப்பும் வழி யாப்பிற் கூறப்படவுமில்லை. ஒரு தேர்தலின் வாக்குக் கணக்குக்காகச் செய்யப்பட்ட தெரிவுக்கு, அத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமையே இல்லாதிருந்த மக்கள் விலை கொடுத்தனர்.

இத்துணைப் பெரிய பாடத்தைக் கற்ற பின்னரும் அப்பதவி பற்றிய எண்ணம் மாறவில்லை. 1900ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலக் கட்சி முதலாளிகள் தொல்லை தரும் ஆளுநரான தியோடர் ரூஸ்வெல்டை அகற்றுதற்கு ஏற்ற இடமாக இப்பதவியையே கண்டனர். அடுத்த ஆண்டில் மக்கின்லி சுடப்பட்டிறக்கவே, அகற்றப்பட்டவர் ஜனாதிபதியானார். 1919 ஒக்டோபர் மாதத்தில் வூட்ரோ வில்சன் பக்கவாதத்தால் வீழ்ந்தபோது, அவருடைய மனைவியும் மருத்துவரும் உண்மை நிலையை மறைத்தனர். உப ஜனாதிபதி தோமஸ் மார்ஷலுக்கு அந்நிலை அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படவில்லை; அதிகாரத்தைப் பறித்தவரென்னும் பழிக்கு அஞ்சி அவரும் வாளாவிருந்தார். நோயுற்ற ஒருவரின் படுக்கையறைக் கதவுக்கு வெளியே நாட்டின் ஆட்சி மாதக்கணக்காகக் காத்துக் கிடந்தது.

அறியாமை எத்துணை ஆபத்தானது என்பதை இரண்டாம் உலக யுத்தம் காட்டியது. 1941 முதல் உப ஜனாதிபதியாயிருந்த ஹென்றி வலஸ், வருங்காலம் சாதாரண மனிதனின் நூற்றாண்டாக அமையவேண்டுமென முழங்கியவர். நிறப்பாகுபாட்டையும் ஏகாதிபத்தியத்தையும் வெளிப்படையாகக் கண்டித்தவர். யுத்தகாலப் பொருளாதாரச் சபையின் தலைமையும் அவரிடம் இருந்தது. அணுகுண்டு ஆராய்ச்சி பற்றி அறிந்திருந்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். 1944 யூலை மாதத்தில் சிக்காகோவிற் கூடிய கட்சி மகாநாட்டில், நகரக் கட்சி முதலாளிகளும் தென்மாநிலப் பழைமைவாதிகளும் சேர்ந்து அவரை அகற்றி, மிசூரி மாநிலத்து ஹரி ட்ரூமனை அமர்த்தினர். பிராங்ளின் ரூஸ்வெல்டின் உடல்நலம் குன்றியிருந்ததை அவர்களுட் பலர் அறிந்தேயிருந்தனர்.

ட்ரூமன் உப ஜனாதிபதியாயிருந்தது 82 நாட்களே. அந்நாட்களில் அணுகுண்டு பற்றி அவருக்கு எவரும் விளக்கவில்லை. செனற் சபை உறுப்பினராக யுத்தச் செலவுகளை விசாரித்த காலத்தில் அவ்விரகசியத்தின் வாயில் வரை சென்று திருப்பியனுப்பப்பட்டவர் அவர். வலஸிடமிருந்த அறிவு வலஸுடனேயே சென்றது, பதவியுடன் கைமாறவில்லை. 1945 ஏப்பிரல் 12ஆந் திகதி ரூஸ்வெல்ட் இறந்தார். ஏப்பிரல் 25ஆந் திகதியே யுத்த மந்திரி ஸ்டிம்சன் புதிய ஜனாதிபதிக்கு முழு விவரத்தையும் எடுத்துரைத்தார். ஆகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமா எரிந்தது. வலஸ் அவ்விடத்தில் இருந்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும் என்று நாம் ஊகிக்கப் புகவில்லை. மனித குலத்தின் மிகப் பயங்கரமான ஆயுதத்தைப் பற்றி, அதனைப் பயன்படுத்த ஆணையிட வேண்டியவர் சில மாதங்களுக்கு முன் வரை அறியாதிருந்தார் என்பதே போதிய கண்டனமாகும். 1949இல் உப ஜனாதிபதி தேசியப் பாதுகாப்புச் சபையின் உறுப்பினராக்கப்பட்டார். அறிந்திருத்தல் அப்பதவியின் கடமையென்பதை அன்றுதான் சட்டம் ஒப்புக்கொண்டது.

1963 நவம்பர் 22ஆந் திகதி ஜோன் கென்னடி கொலையுண்டபோது மீண்டும் ஒரு ஜோன்சன் அரியணையேறினார். டெக்சாஸ் மாநிலத்து லிண்டன் ஜோன்சனும் தென்னவர்; தென்னவரின் வாக்குகளுக்காகவே இணைத்துக்கொள்ளப்பட்டவர். முன்னைய ஜோன்சனின் கதை மீண்டும் நிகழுமென அஞ்சியவர்களும் இருந்தனர். ஆனால் ஐந்து நாட்களுள் அவர் கொங்கிரஸின் முன் தோன்றி, குடியுரிமை மசோதாவை நிறைவேற்றுமாறு கோரினார். 1964இல் குடியுரிமைச் சட்டமும் 1965இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. ஒரு ஜோன்சன் மறுத்ததன் ஒரு பகுதியை நூறு ஆண்டுகளின் பின் மற்றொரு ஜோன்சன் வழங்கினார்.

இவ்வேறுபாட்டை இரு மனிதரின் குணவேறுபாடாக மட்டும் கொள்வது வரலாற்றை மேலோட்டமாக நோக்குவதாகும். 1865இல் விடுதலை பெற்ற மக்கள் சிதறிக் கிடந்தனர். நிலமும் வாக்கும் அவர்களுக்கு இல்லை. 1963இலோ மொன்ற்கொமரியிற் பேருந்துகளைப் பகிஷ்கரித்தவர்களும், பேர்மிங்ஹமில் வேட்டை நாய்களை எதிர்கொண்ட சிறுவர்களும், வாஷிங்டனுக்கு அணிவகுத்துச் சென்ற இரண்டரை இலட்சம் மக்களும் இருந்தனர். அவ்வியக்கமே புதிய ஜனாதிபதியின் முதுகுக்குப் பின்னால் நின்று அவரை முன்தள்ளியது. அவ்வாறான தடை எதிர்நிற்காத திசையில் அதே மனிதர் எவ்வாறு சென்றார் என்பதற்கு வியட்நாம் சாட்சி. உள்நாட்டில் உரிமை வழங்கிய கையே அங்கு ஐந்து இலட்சம் வரையான படையினரை அனுப்பியது.

கென்னடியின் மரணத்துக்குப் பின் பதினான்கு மாதங்கள் உப ஜனாதிபதியின்றியே நாடு இருந்தது. அவ்வாறு அவ்வாசனம் வெறுமையாயிருந்தது 16ஆவது முறை. 1967இல் நிறைவேறிய இருபத்தைந்தாவது திருத்தம் இவ்வெற்றிடத்தை நிரப்பும் வழியை வகுத்தது. ஜனாதிபதி இயலாதவரானால், உப ஜனாதிபதியும் அமைச்சர்களுட் பெரும்பான்மையினரும் சேர்ந்து அதனை அறிவிக்கலாமெனவும் விதித்தது. மார்ஷலின் தயக்கத்துக்கு விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது. ஆனால் இத்திருத்தமும் ஒரு விந்தையைத் தோற்றுவித்தது. 1973இல் ஸ்பிரோ அக்னியூ ஊழற் குற்றச்சாட்டுகளின் நடுவே பதவி விலக, ஜெரல்ட் போர்ட் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டில் நிக்சனும் விலகவே போர்ட் ஜனாதிபதியானார். நெல்சன் ரொக்பெல்லர் உப ஜனாதிபதியாக நியமனம் பெற்றார். ஜனநாயகத்தின் காவலரெனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நாட்டின் இரு உயர் பதவிகளிலும், நாடளாவிய தேர்தலில் வெற்றிபெறாத இருவர் வீற்றிருந்தனர்.

1977இல் வோல்டர் மொண்டேல் வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அலுவலகம் பெற்ற நாள் முதல், இப்பதவி ஆலோசகர் நிலைக்கு உயர்ந்தது. உயர்ந்த அதிகாரம் பொறுப்பையும் உடன் கொணர்ந்ததா? 2001 முதல் 2009 வரை பதவி வகித்த டிக் செனியின் காலம் இதற்கு விடை கூறும். ஈராக்கிற் பேரழிவு ஆயுதங்கள் உள்ளன என்பதில் ஐயமில்லையென 2002 ஆகஸ்டில் அவர் உறுதிகூறினார். 2003இல் யுத்தம் மூண்டது, ஆயுதங்கள் கிடைக்கவில்லை. இரகசிய ஆவணங்கள் பற்றிக் கணக்குக் கேட்கப்பட்டபோது, தமது அலுவலகம் முற்றாக நிருவாகத் துறையைச் சார்ந்ததன்று என்று அவர் தரப்பு வாதிட்டது. சட்டசபைக்கும் நிருவாகத்துக்கும் இடையில் நின்ற பழைய வெற்றாசனம், இருபக்கமும் கணக்குக் கொடாத ஆசனமாயிற்று.

செனற் சபையின் ஒற்றை வாக்கும் இன்று அற்பமானதன்று. அடிமை முறையின் பெருங்காவலரான ஜோன் கல்ஹூன் 31 முறை சமநிலையை முறித்து ஏற்படுத்திய எல்லையை, 33 வாக்குகளால் 2021–2025 காலத்திற் கடந்தவர் கமலா ஹரிஸ். அவர் ஒரு கறுப்புத் தந்தைக்கும், தமிழ்நாட்டுக் குடும்பத்திற் பிறந்த தாய்க்கும் மகள். அவர் தெரிவானபோது துளசேந்திரபுரம் கிராமம் கோலமிட்டு மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயினும் குருதியுறவு ஆட்சியின் அளவுகோலன்று, செயலே அளவுகோல். 2022 ஆகஸ்டில் அவரது வாக்கினால் முதியோருக்கான மருந்து விலையைக் குறைக்க வழிசெய்யும் சட்டம் செனற் சபையில் நிறைவேறிற்று. 2025 யூலை 1ஆந் திகதி அவருக்குப் பின் வந்த ஜே. டி. வான்ஸின் வாக்கினால், வறியோரின் மருத்துவ உதவியைக் குறைத்து வரிச் சலுகைகளை நீடிக்கும் மசோதா அதே சபையில் 51க்கு 50 என நிறைவேறிற்று. ஒரே ஆசனம், ஒரே வாக்கு. பயன் பெற்றோர் வெவ்வேறு மக்கள்.

சடங்கெனக் கருதப்பட்ட பணியும் ஒருநாள் சோதனையாயிற்று. 1861இல் ஜோன் பிரெக்கின்றிட்ஜ், தம்மைத் தோற்கடித்த லிங்கனின் வெற்றியைத் தாமே அறிவித்தார். பின்னர் அடிமை மாநிலங்களின் தளபதியாகப் போரிடச் சென்ற அம்மனிதரும் அன்று வாக்குகளை மாற்ற முனையவில்லை. 1961இல் நிக்சனும் 2001இல் அல் கோரும் தத்தம் தோல்வியைத் தாமே படித்தனர். 2021 சனவரி 6ஆந் திகதி, தேர்தலிற் தோற்ற ஜனாதிபதி டொனல்ட் ட்ரம்ப், சில மாநிலங்களின் வாக்குகளை ஏற்காதிருக்குமாறு மைக் பென்ஸை வற்புறுத்தினார். கும்பலொன்று கொங்கிரஸ் மண்டபத்தினுட் புகுந்தது. பென்ஸ் பழைமைவாதி, நான்காண்டுகள் தலைவருக்குத் தலைசாய்த்தவர், அவருடைய அரசியல் நமக்கு உடன்பாடானதன்று. ஆயினும் அன்றிரவு கணக்கெடுப்பு நிறைவேறியது. 2022இல் நிறைவேறிய சட்டம், இப்பணி வெறும் நிருவாகப் பணியே, வாக்குகளை ஏற்கவோ தள்ளவோ உப ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை எனத் தெளிவாக்கியது. 2025 சனவரி 6ஆந் திகதி கமலா ஹரிஸ் தமது தோல்வியைத் தாமே அறிவித்தார்.

மேற்கூறியவற்றால் இப்பதவியின் கடமைகள் நமக்குத் தெளிவாகின்றன. நாட்டின் நிலையை முழுமையாக அறிந்திருத்தல் முதற் கடமை. தலைவருக்குத் துணைநிற்பது கடமையாயினும், சட்டத்துக்கும் தலைவருக்கும் முரண்பாடு நேருமிடத்துச் சட்டத்தின் பக்கம் நிற்றல் இரண்டாவது. ஆட்சி தம்மிடம் வந்தால், மக்கள் எதற்காக வாக்களித்தார்களோ அதனைச் சிதையாது காத்தல் மூன்றாவது. இவற்றுள் ஒன்றையேனும் 1787இல் எழுதியவர்கள் தெளிவுற எழுதவில்லை. ஒவ்வொன்றும் ஒரு மரணத்தின் பின்னரோ, ஒரு கலவரத்தின் பின்னரோ, மக்கள் பட்ட துன்பத்தின் பின்னரோதான் சட்டமாகவோ வழக்காகவோ உருவாயிற்று. மூன்றாவது கடமையை இன்றும் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. சட்டத்தினால் மட்டும் கட்டாயப்படுத்தவும் இயலாது.

ஒன்பது முறை அமெரிக்காவில் இரண்டாம் ஆசனத்தவர் முதலாம் ஆசனத்துக்கு இடைநடுவே சென்றுள்ளனர். அவர்களுள் யார் நல்லவர், யார் தீயவர் என்று பட்டியலிடுவதோடு வரலாற்று மாணவனின் பணி முடிந்துவிடாது. எடிஸ்டோ தீவின் மக்கள் விண்ணப்பம் எழுதினர்; அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அணிதிரண்டு வீதிக்கு வந்தனர். விண்ணப்பத்தை ஒரு ஜோன்சன் புறக்கணிக்க முடிந்தது. அணிதிரண்ட மக்களை மற்ற ஜோன்சனாற் புறக்கணிக்க முடியவில்லை. ஆசனத்தில் அமர்பவர் தற்செயலாக வரலாம்; அவரிடமிருந்து நீதி தற்செயலாக வருவதில்லை.